நான்கு ஜெராக்ஸ் தாள்களும் ஐந்தாவது கம்பியும்

நாற்பத்துமூன்றாவது வயதில், அரசாங்கச் சம்பளமும் இரண்டு பிள்ளைகளும் ஓரளவு வாசிப்பும் உள்ள நான், நான்கு ஜெராக்ஸ் தாள்களைத் திருடினேன். திருடிய தாள்களை பீரோவில், என் கல்யாணப் பட்டு வேட்டியின் மடிப்புக்குள் ஒளித்து வைத்தேன். அவற்றில் இருந்தவை இருநூறு ஆண்டுகளுக்கு மேல் பழமையான ஸ்காட்லாந்து நாட்டு நடன மெட்டுகள். அரசாங்க ரகசியமாக இருந்திருந்தால் விசாரணையில் கொஞ்சம் கம்பீரமாகவாவது நின்றிருக்கலாம். பெரம்பலூரிலும் அரியலூரிலும் சேர்த்து அந்தத் தாள்களை விரும்பக்கூடியவர்கள் மொத்தம் இரண்டே பேர். ஒருவனிடமிருந்து இன்னொருவன் திருடினான்.

காரணம் பொறாமை. வேறு காரணம் கண்டுபிடிக்கப் பல ஆண்டுகள் முயன்றேன். அகப்படவில்லை.

தொண்ணூற்றைந்தில் திருச்சி மாவட்டத்திலிருந்து பெரம்பலூரைத் தனியாகப் பிரித்தார்கள். புது மாவட்டத்துக்குக் கலெக்டர் வேண்டும், கட்டடம் வேண்டும், இவற்றுக்கெல்லாம் முன்பாக எழுத்தர்கள் வேண்டும். அப்படி அள்ளிக்கொண்டு வரப்பட்டவர்களில் நானும் ஒருவன். எனக்குக் கிடைத்தது கனிமப் பிரிவு. சுண்ணாம்புக்கல் குவாரிக்கு யார் அனுமதி கேட்டாலும் என் மேசையைத் தாண்டித்தான் போக வேண்டும்.

வந்த மறு வருடம் திருச்சியில் ஒரு பழைய வாத்தியக் கடையில் பாஞ்சோ ஒன்றை வாங்கினேன். நம் ஊர் மெல்லிசைக் குழுக்களில் பொத்தானைத் தட்டி வாசிக்கும் புல்புல்தாராவையும் பாஞ்சோ என்றுதான் சொல்வார்கள். இது அதுவல்ல, அசல் அமெரிக்கப் பாஞ்சோ. கஞ்சிராவுக்குக் கழுத்து முளைத்தது போலிருக்கும். வட்டமான சட்டத்தில் தோல் இழுத்துக் கட்டியிருக்கும். மேலே ஐந்து கம்பிகள். அவற்றில் நான்கு முழு நீளம். ஐந்தாவது மட்டும் கழுத்தின் பாதியிலேயே ஆரம்பிக்கும் குட்டைக் கம்பி. அதற்கு விரல் வைத்து அழுத்தும் வேலை கிடையாது. கட்டைவிரலால் நடுநடுவே கிள்ளி விட வேண்டியதுதான். வீணையில் பக்கவாட்டில் இருக்கும் தாளக் கம்பிகளைப் போல ஒரே சுரத்தைச் சொல்லிக்கொண்டிருக்கும்.

இவ்வளவும் எனக்குத் தெரியும். மேற்கத்திய இசைக் குறியீடு, ஐந்து கோட்டில் தலைப்பிரட்டை நீந்துவது போல இருக்குமே அது, அதையும் புத்தகம் வைத்துக் கற்றுக்கொண்டேன். பாஞ்சோவின் வரலாறும் தெரியும். ஆப்பிரிக்காவிலிருந்து அமெரிக்காவுக்கு அடிமைகளாகப் பிடித்துச் செல்லப்பட்டவர்கள் சுரைக்குடுக்கையில் தோல் கட்டிச் செய்துகொண்ட வாத்தியம் அது. தெரியாதது ஒன்றுதான். வாசிக்கத் தெரியாது.

"தகர டின்னுல கூழாங்கல்லப் போட்டுக் குலுக்குற மாதிரி இருக்குங்க" என்றாள் மனைவி. திருமணமாகிப் பதினோரு வருடம் ஆகியிருந்ததால் 'ங்க' மட்டும் மிச்சமிருந்தது.

பக்கத்து மேசைக்காரர் வயலின் வாசிப்பார். என்னைவிட ஐந்து வயது இளையவர். உடையார்பாளையம் பக்கம் நிலபுலன் உள்ள குடும்பம். அம்மாவோடு அரியலூர் டவுனில் இருந்தார். தினமும் காலை பஸ்ஸில், சிமெண்டு லாரிகளின் புழுதிக்கு நடுவே வந்து இறங்குவார். சட்டையில் ஒரு தூசி இருக்காது. கையெழுத்து அச்சு போலிருக்கும். தலைமுடி முன்பக்கமும் முழுதாக இருந்தது. இதையெல்லாம் நான் பொறுத்துக்கொண்டேன். ஒருநாள் அலுவலகப் பிரிவுபசார விழாவில் வயலினை எடுத்து, ஏதோ தோளில் துண்டைப் போடுவது போலப் போட்டுக்கொண்டு வாசித்தார். அதைப் பொறுக்க முடியவில்லை. தாசில்தார் ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். என் வாசிப்பைக் கேட்டும் ஒருவர் கண்ணைத் துடைத்ததுண்டு. அவருக்கு அன்று கண்வலி.

தொண்ணூற்றொன்பதில் ஸ்காட்லாந்திலிருந்து ஓர் அம்மையார் வந்தார். அரியலூர் மண்ணில் ஒரு காலத்தில் கடல் இருந்தது. சுண்ணாம்புக்கல் வெட்டுமிடத்தில் கல்லாகிப் போன நத்தையும் சிப்பியும் கிடைக்கும். அதைப் பார்க்க எங்கிருந்தெல்லாமோ ஆட்கள் வருவார்கள். அறுபது வயதைத் தாண்டிய இந்த அம்மையாரும் அதற்குத்தான் வந்தார். குவாரிக்குள் போக அனுமதிக் கடிதத்துக்காக என் மேசை முன்னால் மூன்று நாள் உட்கார்ந்தார். மூன்றாம் நாள் பேச்சு வாக்கில் என்னிடம் பாஞ்சோ இருப்பதைச் சொன்னேன். அம்மையார் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். அவர் ஊரில் அவரும் பாஞ்சோக்காரர்.

ஞாயிற்றுக்கிழமை என் வீட்டில் சாப்பாடு. பேச்சுத் துணைக்கு இருக்கட்டும் என்று பக்கத்து மேசைக்காரரையும் கூப்பிட்டேன். என் வாழ்க்கையில் நான் செய்த பெரிய நிர்வாகத் தவறு அது. தடித்தடியான ஆங்கில நாவல்கள் படித்த எனக்கு அந்த ஸ்காட்லாந்து உச்சரிப்பில் பாதி புரியவில்லை. பத்து வார்த்தை ஆங்கிலம் தெரிந்த அவருக்கு எல்லாம் புரிந்தது.

அம்மையார் என் பாஞ்சோவுக்குச் சுருதி கூட்டினார். மூன்று வருடமாக அது தவறான சுருதியில் இருந்திருக்கிறது. பிறகு வாசித்துக்கொண்டே விஷயத்தைச் சொன்னார். பழைய காலத்துப் பாஞ்சோ மெட்டுகள் என்னவாயின என்று யாருக்கும் சரியாகத் தெரியாது. வாசித்த அடிமைகளை எழுதவிடவில்லை. எழுதத் தெரிந்தவர்கள் பாஞ்சோவை ஒரு வாத்தியமாகவே மதிக்கவில்லை. ஆனால் புகையிலை வியாபாரத்துக்காக அமெரிக்கா போய்த் திரும்பிய ஸ்காட்லாந்துக்காரர்கள் காதில் சில மெட்டுகளைக் கொண்டுவந்துவிட்டார்கள். அவை வயலினுக்கென்று அச்சிட்ட பழைய தொகுப்புகளில், நூற்றுக்கணக்கான ஸ்காட்லாந்து மெட்டுகளுக்கு நடுவே, பாஞ்சோ என்ற பெயரே இல்லாமல் கிடக்கின்றன. அவற்றைத் தேடிப் பிடிக்க ஒரு சிறு கூட்டம் இருக்கிறது, அவர்களுக்கென்று ஒரு சிறு பத்திரிகையும் இருக்கிறது. கண்டுபிடிப்பவர் பெயரோடு மெட்டை வெளியிடுவார்கள்.

பெயரோடு. அந்த ஒரு சொல் எந்த உச்சரிப்பில் சொன்னாலும் எனக்குப் புரியும்.

நான் மும்முரமாகக் குறிப்பெடுத்தேன். பக்கத்து மேசைக்காரர் குறிப்பு ஒன்றும் எடுக்கவில்லை. அம்மையாரின் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டே இருந்தார். சாப்பாடு முடிந்ததும் அவர் வயலினில் கொஞ்சம் மோகனம் வாசித்தார். அம்மையார் அவர் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். எனக்கு, சாம்பார் நன்றாக இருந்ததாகச் சொன்னார். அதுவும் என் மனைவியைப் பார்த்து.

ஐந்தாறு மாதத்தில் ஒரு பொதி வந்தது. அந்தப் பழைய தொகுப்புகளில் ஒன்றின் ஜெராக்ஸ், நூற்றிருபது பக்கம். எங்கள் இருவருக்கும் சேர்த்து அனுப்பியிருந்தார். முகவரியில் பக்கத்து மேசைக்காரர் பெயர் மேலே, என் பெயர் கீழே. அகரவரிசைதான் காரணம் என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் அன்று மத்தியானம் சாப்பாடு இறங்கவில்லை.

இருவரும் சேர்ந்துதான் செய்ய முடியும் என்ற நிலை. எனக்கு ஐந்து கோட்டு எழுத்து புரியும், விரல் வராது. அவருக்கு விரல் வரும், அந்த எழுத்து புரியாது. நான் ஒவ்வொரு மெட்டையும் ச ரி க ம என்று தமிழில் மாற்றி எழுதிக் கொடுப்பேன். அவர் வாசித்துப் பார்ப்பார். நான் வேகம், அவர் நிதானம். ஒரு மெட்டை ஒரு வாரம் வாசிப்பார்.

"அடுத்ததுக்குப் போங்க தம்பி. நூத்துக்கணக்குல கெடக்கு."

"இருங்கண்ணே. இது இன்னும் பேச ஆரம்பிக்கல."

பாதிப் புத்தகத்தை நான் எழுதி முடித்த சமயத்தில் அரசு இன்னொரு முடிவெடுத்தது. அரியலூரைப் பெரம்பலூரிலிருந்து பிரித்துத் தனி மாவட்டமாக்கினார்கள். அலுவலகமே பாகப்பிரிவினை வீடு போலாயிற்று. கோப்புகளை ஊர்வாரியாகப் பிரித்து, பட்டியல் எழுதி, மூன்று பிரதி எடுத்து, கையெழுத்து வாங்கி, லாரியில் ஏற்றினோம். ஒரே கோப்பில் இரண்டு ஊர் விவகாரம் இருந்தால் நடுவில் கயிற்றை அவிழ்த்து ஆளுக்குப் பாதி. பக்கத்து மேசைக்காரரை, அவர் ஊர் அதுதான் என்பதால், அரியலூருக்கே போட்டார்கள்.

அந்த வாரம் கைப்பழக்கத்தில் ஜெராக்ஸ் புத்தகத்தையும் பிரித்தோம். யாரும் அதை விசித்திரமாக நினைக்கவில்லை. பட்டியல் எழுதினேன். ஒன்று முதல் அறுபது பக்கம் வரை, அவற்றுக்கான தமிழ்ச் சுரக் குறிப்புகளுடன், அரியலூர் மாவட்டம். அறுபத்தொன்று முதல் நூற்றிருபது வரை, பெரம்பலூர் மாவட்டம்.

"முதல் பாதிக்குத்தான் சுரம் எழுதியாச்சு. உங்களுக்கு அதுதான் உபயோகம்" என்றேன்.

"நீங்க சொன்னா சரிண்ணே" என்று கையெழுத்துப் போட்டார்.

நான் சொல்லாத விஷயம் ஒன்று உண்டு. கடைசிப் பக்கத்து அட்டவணையை நான் ஏற்கெனவே படித்திருந்தேன். அமெரிக்க ஊர்ப் பெயர்கள் கொண்ட மெட்டுகள் ஏழு. ஏழும் இரண்டாம் பாதியில். முதல் பாதி முழுக்க ஏதேதோ பிரபுக்கள், அவர்கள் மனைவிமார், அவர்களுடைய மலைகள்.

ஆறு மாதம் அந்த ஏழையும் கட்டிக்கொண்டு அழுதேன். ஒன்றில்கூட பாஞ்சோ வாடை இல்லை. அத்தனையும் சுத்தமான ஸ்காட்லாந்து வயலின் மெட்டுகள். அப்போது அமெரிக்கா பற்றிய பேச்சு நாகரிகமாக இருந்திருக்கும். பழைய மெட்டுக்குப் புதுப் பெயர் சூட்டியிருக்கிறார்கள். கோப்பின் மேல் எழுதியிருக்கும் தலைப்பை நம்பி உள்ளே பார்க்காமல் கையெழுத்துப் போடுவது எங்கள் துறையில் புதிதல்ல.

அப்போதுதான் அரியலூர் அலுவலகத்திலிருந்து போன் வந்தது.

"அண்ணே, மாட்டிக்கிச்சு! நாலு இருக்குது. ஞாயித்துக்கெழம வாங்க. உங்க பாஞ்சோவையும் எடுத்துக்கிட்டு வந்துருங்க."

பாஞ்சோவை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போனேன். கண்டக்டர் அதற்கும் லக்கேஜ் டிக்கெட் கிழித்தார். அரியலூரில் அவர் அம்மா, "வாங்க தம்பி, எளைச்சுப் போயிட்டீங்களே" என்று வறுத்த முந்திரியைத் தட்டில் கொட்டினார். நான் இளைக்கவே இல்லை. அந்த வீட்டில் எல்லோருமே நல்லவர்களாக இருப்பது எனக்கு இன்னும் எரிச்சலூட்டியது.

அவர் வயலினை எடுத்தார்.

"இந்த மெட்ட கேளுங்க. வயலினுக்கு எழுதறவன் வில்லு இழுபட்டுப் போவணும்னுதான் எழுதுவான். இது அப்படிப் போவல பாருங்க. ரெண்டு சுரம் போவுது, நடுவுல வேலையே இல்லாம மேல் பஞ்சமம் வந்து குந்துது. மறுபடி ரெண்டு சுரம், மறுபடி அதே பஞ்சமம். எடத்த மாத்தி மாத்தி, ஆனா அதே சுரம். எதுக்கு வரணும்?"

"எதுக்கு?"

"கட்டைவிரலுண்ணே! அந்தம்மா உங்க வூட்ல வாசிச்சாங்கள்ல, குட்டக் கம்பி, அது. யாரோ பாஞ்சோவுல கேட்டத அப்படியே வயலினுக்கு எழுதி வச்சிட்டான். கம்பி சத்தத்தையும் சேத்து எழுதிட்டான்."

மெட்டின் பெயரைப் பார்த்தேன். ஏதோ ஒரு பிரபுவின் மகளுக்குச் சமர்ப்பணம். நானே என் கையால் ச ரி க ம எழுதிக் கொடுத்த மெட்டு. நாற்பத்தேழு முறை அந்தப் பஞ்சமத்தை எழுதியிருக்கிறேன், ஒருமுறைகூடக் கேட்கவில்லை.

"நீங்க இதுல வாசிங்கண்ணே, நிச்சயமாயிடும்" என்று என் பாஞ்சோவைக் காட்டினார்.

"கை கொஞ்சம் சரியில்ல. நீங்களே பாருங்க."

பத்து நிமிடம். அதற்குமேல் ஆகவில்லை. வயலினில் கொஞ்சம் தடுக்கித் தடுக்கிப் போன அந்த மெட்டு, பாஞ்சோவுக்கு மாறியதும், புகுந்த வீட்டிலிருந்து தாய் வீட்டுக்கு வந்த பெண் போலக் காலை நீட்டி உட்கார்ந்தது. அவருடைய கட்டைவிரல் குட்டைக் கம்பியில் எகிறி எகிறி விழுந்தது. அவர் அம்மா சமையலறையிலிருந்து கரண்டியோடு வந்து நின்றார். ஐந்து வருடம் அந்த வாத்தியத்தை வீட்டில் வைத்துச் சோறு போடாத குறையாக வளர்த்தவன் நான். அது இப்படி ஒரு சத்தம் போடும் என்று அன்றுவரை எனக்குத் தெரியாது. சொந்த நாய் பக்கத்து வீட்டுக்காரனைப் பார்த்து வாலாட்டினால் எப்படியிருக்குமோ அப்படியிருந்தது.

"அந்த நாலு பக்கத்தையும் குடுங்க. நான் ஒரு தடவ சரிபாத்துட்டுத் தரேன்" என்றேன்.

உடனே உருவிக் கொடுத்தார். ரசீது கேட்கவில்லை. எழுத்தராக அவருடைய ஒரே குறை அது.

பத்து நாள் கழித்து, பஸ்ஸில் பை தொலைந்துவிட்டது, தாள்களும் போய்விட்டன என்று போனில் சொன்னேன். என் கணக்கு எளிமையானது. மூலத் தாள் இல்லாமல் அவர் அம்மையாருக்கு எதை எழுத முடியும்? ஆவணம் இல்லாதது உலகத்திலேயே இல்லாதது. இருபது வருட வேலை எனக்குக் கற்றுக்கொடுத்த ஒரே தத்துவம் அது.

"போனா போவுதுண்ணே" என்றார். "எனக்குத்தான் அந்த எழுத்து தெரியாதே. பாட்டு கையில இருக்குது."

போனை வைத்த பிறகுதான் உறைத்தது. அவருக்கு ஒன்றுமே தொலையவில்லை. வீட்டுச் சாவியைத் திருடினேன், அவர் கதவே இல்லாத வீட்டில் இருந்தார்.

ஆனாலும் நிறுத்தவில்லை. அலுவலகப் பாணியில், பார்வை ஒன்று, பார்வை இரண்டு என்று போட்டு, அம்மையாருக்கு ஆங்கிலத்தில் மூன்று பக்கக் கடிதம் எழுதினேன். கட்டைவிரல் பற்றிப் பக்கத்து மேசைக்காரர் சொன்னதையெல்லாம் என் கண்டுபிடிப்பாக, இன்னும் கொஞ்சம் கடினமான சொற்களில் எழுதினேன். நான்கு பக்கத்துக்கும் நகல் இணைத்தேன். 'மேற்படி மெட்டுகள் என் சொந்த வாத்தியத்தில் வாசித்துச் சரிபார்க்கப்பட்டன' என்று ஒரு வாக்கியம். யார் வாசித்தது என்று அதில் இல்லை. அது முழுப் பொய் ஆகிவிடாமல் பார்த்துக்கொண்டேன். அந்த அளவுக்கு எனக்கு மனசாட்சி உண்டு.

பதில் வருவதற்குள் அரசு மனம் மாறிவிட்டது. பதினைந்து மாதம் தனியாக இருந்த அரியலூரை மறுபடி பெரம்பலூரோடு சேர்த்தார்கள். போன லாரிகள் திரும்பி வந்தன. கோப்புகள் திரும்பி வந்தன. பக்கத்து மேசைக்காரரும் திரும்பி வந்து, என்னிடமிருந்து நான்கடி தூரத்தில் பழைய நாற்காலியில் உட்கார்ந்தார். தபால் பதிந்துகொண்டே அந்த நான்கு மெட்டுகளையும் முணுமுணுப்பார். தவறான பொருளைத் திருடிவிட்டோம் என்பதை அறிந்துகொள்ள இதைவிட மோசமான வழி இல்லை.

"அந்தம்மாவுக்கு எழுதிட்டீங்களாண்ணே?"

"எழுதணும் தம்பி."

மறு வருடம் பத்திரிகை வந்தது. பதினாறு பக்கம், நடுவில் இரண்டு பின். பதினோராம் பக்கத்தில் என் பெயர். எழுத்துப் பிழை இல்லாமல். தனியாக. நான்கு மெட்டுகளும் அச்சாகியிருந்தன. மேசை இழுப்பறையைத் திறந்து வைத்துக்கொண்டு குனிந்து குனிந்து படித்தேன். அந்த ஆனந்தம் பதினோராம் பக்கத்தின் அடிவரை நீடித்தது. அடியில், இந்த இந்திய நண்பர் மெட்டுகளைத் தாமே வாசித்துக் கண்டறிந்தவர் என்பதால், அவர் வாசிப்பைக் கேஸட்டில் பதிந்து அனுப்ப வேண்டுமென்றும், ஆண்டுக் கூட்டத்தில் எல்லோரும் அதைக் கேட்க ஆவலாக இருப்பதாகவும் போட்டிருந்தது.

மூன்று வாரம் சாதகம் செய்தேன். இரண்டாம் வாரம் எதிர்வீட்டுக்காரர் வந்து, "சார் வூட்ல வேல நடக்குதுங்களா? அந்தக் கொத்தனார எங்க வூட்டுக்கும் கொஞ்சம் அனுப்புங்களேன்" என்றார்.

கலெக்டர் ஆபீஸ் எதிரில் இருந்த டீக்கடையில் வைத்துப் பத்திரிகையைப் பக்கத்து மேசைக்காரரிடம் கொடுத்தேன். வரிக்கு அடியில் விரல் வைத்து நகர்த்தி, கேஸட் கேட்டிருந்த அடிவரி வரை மெதுவாகப் படித்தார்.

"உங்க பேரு போட்டுருக்கு."

"ஆமா."

"என் பேரு எங்கண்ணே?"

"இல்ல."

"அவங்க உட்டுட்டாங்களா, நீங்க எழுதலியா?"

"நான் எழுதல. பையும் தொலையல. தாள் வூட்லதான் இருக்கு."

டீயை முழுதாகக் குடித்து முடித்தார். க்ளாஸைக் கழுவும் தொட்டி வரை கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தார்.

"நான் கேட்டிருந்தா எம்பேரையும் எழுதியிருப்பீங்களா?"

"தெரியல தம்பி."

"அதையாவது உண்மையா சொன்னீங்களே" என்று சொல்லிவிட்டு எனக்கு முன்னால் நடந்து போய்விட்டார். நான்கு நாள் பேசவில்லை. கோப்பைத் தர வேண்டுமென்றால் தபேதாரைக் கூப்பிட்டு, நான்கடி தூரத்துக்கு அவர் கையில் கொடுத்தனுப்பினார். உண்மையைச் சொன்னால், அந்த நான்கு நாளும் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்தது. ஒரு வழியாக அவரும் மனிதர்தான் என்று தெரிந்ததே.

ஐந்தாம் நாள் அவராகவே நாற்காலியை என் பக்கம் திருப்பினார்.

"வாசிச்சுத் தரேன். ஆனா டேப்புல எம்பேரச் சொல்லணும். நீங்க உங்க வாயால சொல்லணும். எங்கம்மாவுக்குப் போட்டுக் காட்டணும்."

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு என் வீட்டில் பதிவு. மின்விசிறியை நிறுத்தினோம். குக்கர் வைக்கக் கூடாது என்று மனைவியிடம் சொல்லியிருந்தேன். பிள்ளைகளைப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பியாயிற்று. அவர் என் நாற்காலியில், என் பாஞ்சோவோடு உட்கார்ந்தார். டேப் ரிக்கார்டரின் சிவப்புப் பொத்தான் மேல் என் விரல்.

ஆங்கிலத்தில் ஒரு முன்னுரை எழுதி வைத்திருந்தேன். உண்மையில் இரண்டு எழுதி வைத்திருந்தேன். ஒன்றில், கண்டுபிடித்ததும் வாசிப்பதும் அவர், சுரம் எழுதியது மட்டும் நான் என்று இருந்தது. இன்னொன்றில் வாசிப்பது மட்டும் அவர். இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"பொத்தான அமுக்கிட்டுப் பேசுங்கண்ணே. தோலு சூட்டுல முறுக்கிக்குது, சுருதி ஏறிடும்."

அமுக்கினேன். வாசிப்பவர் இன்னார் என்று அவர் பெயரை ஊரோடு சொன்னேன். அடுத்து, இந்த மெட்டுகளைக் கண்டுபிடித்தவர் என்று ஆரம்பித்து நின்றேன். டேப் ஓடிக்கொண்டிருந்தது. அவர் தலையைத் தூக்கிப் பார்த்தார். அவ்வளவு ஆங்கிலம் அவருக்குத் தெரியும்.

நாங்கள் இருவரும் என்று சொல்லி முடித்தேன். முழு உண்மை வாய்க்குள் வரைக்கும் வந்தது, வெளியே வரவில்லை. எதையும் இரண்டாகப் பிரித்தே பழகிப்போன கை. அவர் உதட்டோரம் ஒரு சிரிப்பு வந்தது போலிருந்தது. அதற்குள் கட்டைவிரல் குட்டைக் கம்பியில் விழுந்துவிட்டது. நான்கு மெட்டுகளையும் ஒரே மூச்சில் வாசித்தார். ஒரு இடத்தில் தெருவில் போன லாரியின் ஹாரன் பதிவானது. அதுகூட சுரத்தோடு சேர்ந்துதான் ஒலித்தது. அவருக்கு எல்லாம் அப்படித்தான் அமையும்.

கேஸட் போனது. கூட்டத்தில் இரண்டு முறை போட்டுக் கேட்டார்களாம். அம்மையார் நன்றிக் கடிதம் எழுதினார். முகவரியில் வழக்கம் போல அவர் பெயர் மேலே, என் பெயர் கீழே. கடிதத்தில் மொத்தம் பதினெட்டு வரி. பதினாறு வரி அவர் கட்டைவிரலைப் பற்றி. கேஸட்டின் இன்னொரு பிரதியை அவர் அம்மா, வருகிற விருந்தாளிக்கெல்லாம் போட்டுக் காட்டினார்.

இரண்டாயிரத்து ஏழில் அரியலூரை மறுபடியும் பிரித்தார்கள். இந்த முறை உறுதியாகவே. அவர் போனார். பாஞ்சோவை அவரிடமே கொடுத்திருக்கலாம். அவரும் பஸ் ஏறுமுன் என் வீட்டுக்கு வந்து, அதை ஒருமுறை எடுத்துத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் வைத்தார். நான் கொடுக்கவில்லை. கொடுக்கக்கூடியவனாக இருந்திருந்தால் எழுதுவதற்கு எனக்கு எதுவுமே இருந்திருக்காது.

அன்று மாலை எங்களிடமிருந்த பிரதியைத் தேடியெடுத்துப் போட்டேன். மனைவி வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டே முதலிலிருந்து கடைசிவரை கேட்டாள். நான்காவது மெட்டு முடிந்து டேப் கிளிக்கென்று நின்றது. ஏதாவது சொல்வாள் என்று காத்திருந்தேன்.

"நல்லாத்தாங்க இருக்கு" என்றாள். "மொதல்ல நீங்க பேசுற எடம் மட்டுந்தான் சுருதி சேரல."